டாக்டரின் டி, டேபிளின் டி

ஜூன் 4

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம். போன மாதம் நீ அக்காவுக்கு எழுதிய கடிதம் வந்தது. இத்தனை வருடம் கழித்து வீட்டுக்கு ஒரு நல்ல சேதி. ஐந்து மாதம் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாயே, அழுத்தக்காரிதான் நீ. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, எதையும் மனதில் போட்டு அலட்டிக்கொள்ளக் கூடாது என்று உன் டாக்டர் சொன்னதை அப்படியே கேள். சமையலைச் சகலை பார்த்துக்கொள்ளட்டும். லிப்ட் ரிப்பேர் செய்கிறவருக்குக் குக்கர் ஒரு பெரிய விஷயமா?

எனக்கு ஒரு சின்ன உதவி வேண்டும். ஏ, எல், டபிள்யூ, இந்த மூன்று எழுத்தும் வருகிற ஆங்கில வார்த்தைகளை எழுதி அனுப்பு. எழுத்துகள் முன்னே பின்னே இருக்கலாம், நடுவில் வேறு எழுத்துகளும் வரலாம், ஆனால் மூன்றும் இருக்க வேண்டும். எத்தனை தெரியுமோ அத்தனை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டுவிடு. ஒன்றுமில்லை, சும்மா பொழுதுபோக்கு. நீயும் படுத்தே கிடக்கிறாய், உனக்கும் நேரம் போகும்.

அக்கா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அத்தான்

ஜூன் 13

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தான். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். தலை கீழே, கால் மேலே. உலகமே சறுக்கிக்கொண்டு என் தலைப்பக்கம் வருகிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் அப்படித்தான் இருந்தது.

கேட்டதை முதலில் தருகிறேன். லா: சட்டம். லாயர்: வக்கீல். வாக்: நடப்பது. வால்: சுவர், நம் குரங்கு வால் இல்லை. ஆல்வேஸ்: எப்போதும். அலவ்: அனுமதிப்பது. கிளா: மிருகத்தின் நகம். இன்னும் இருக்கும், தலைகீழாகக் கிடப்பவளுக்கு இவ்வளவுதான் தோன்றுகிறது.

இப்போது என் கேள்வி. பஸ் சீட்டுக்கு ரெக்ஸின் தைக்கிற மனிதருக்கு எதற்கு இது? ஆங்கிலப் பேப்பர் கையில் வந்தால் அதில் செருப்பை வைத்து மடிக்கிறவர் நீங்கள். சரி, ஆசை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வக்கீல் ஆபீசில் பொழுதுக்கும் ஆங்கிலம் டைப் அடிக்கிற பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் போடுவானேன்?

அக்காவுக்கு என்மேல் கோபம், அதுதானே? மறைத்தேன் என்று. எதிர்வீட்டுப் போனில் எத்தனை தரம் கூப்பிட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் நீங்களே வந்து, "அவ குளிக்கிறாம்மா" என்கிறீர்கள். இந்த வயதில் இப்படிக் குளித்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்று சொல்லுங்கள்.

கடைக்குட்டி

ஜூன் 22

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தலைசுற்றல் உண்டா? இங்கே எல்லாம் வழக்கம்போல.

அக்காவுக்குக் கோபம் எதுவும் கிடையாது. வலது கை கொஞ்சம் அசதி, டைப் அடித்து அடித்து வந்ததாக இருக்கலாம். பேனா பிடிக்கச் சிரமப்படுகிறாள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நீ அனுப்பியதில் ஆல்வேஸ் மிகவும் உதவியாக இருந்தது. இந்தத் தடவை என், ஈ, டி. கூடவே ஒரு சந்தேகம். எங்கள் பணிமனையில் ஒருவர் இந்த எழுத்துகளுக்குச் சில வார்த்தைகள் சொன்னார். காதில் விழுந்ததை அப்படியே தமிழில் எழுதுகிறேன்: டெனன்ட், கன்சென்ட், டெஸ்டமென்ட். இவை உண்மையிலேயே வார்த்தைகள்தானா, இல்லை வாய்க்கு வந்ததா? இது எனக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். யோசித்துப் பதில் போடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தான்

ஜூலை 1

அத்தானுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குழந்தையும் நன்றாக உதைக்கிறது.

எந்த டி? டாக்டரின் டியா, டேபிளின் டியா? தமிழில் இரண்டும் ஒன்று, ஆங்கிலத்தில் அவை வேறு வேறு எழுத்து. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் டேபிளின் டி என்றுதான் படுகிறது. அப்படியானால் மூன்றும் நல்ல வார்த்தைகள்தான். டெனன்ட் என்றால் வாடகைக்கு இருப்பவர். கன்சென்ட் என்றால் சம்மதம். டெஸ்டமென்ட் என்றால் உயில்.

அத்தான், ரெக்ஸின் தைக்கிற இடத்தில் உயில், சம்மதம் என்று பேசுகிறவர் யார்? அவரை வக்கீல் ஆபீசுக்கு அனுப்பிவிட்டு அக்காவை உங்கள் தையல் மெஷினில் உட்கார வைத்திருக்கிறீர்களா?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு என்னென்னவோ யோசிக்கிறேன். அக்கா வீட்டில் இல்லையோ, உங்களுக்குள் ஏதாவது ஆகி எங்காவது போய்விட்டாளோ, நீங்கள் இங்கிலீஷ் படித்து அவளைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறீர்களோ என்றுகூடத் தோன்றியது. கை அசதி என்றால் இடது கையால் ஒரு கோடு கிழித்து அனுப்பச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை. அவள் கோடு எனக்குத் தெரியும்.

க.

ஜூலை 19

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

சகலை எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடமிருந்து பதில் வராததால் இவள் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாள். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல என்னங்க பிரச்சனை?" என்றார். எனக்கே தெரியாதபோது என்ன சொல்வது?

அதிர்ச்சி கூடாது என்று நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட வேண்டும் அண்ணே. சொன்னால் பொறுமையாக நிற்பார்கள். சொல்லாவிட்டால்தான் கதவை உதைப்பார்கள். எதுவானாலும் அவளுக்கே எழுதிவிடுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் சகலை

ஜூலை 26

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

இதைச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படி. சகலை பக்கத்தில் இருக்கட்டும்.

அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். இதோ, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஏப்ரலில் ஒரு காலை வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டியவள், என்னவோ சொல்ல வந்து சொல்லாமல் சுவரோடு சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால். கால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கை இன்னும் வரவில்லை. பேச்சு போய்விட்டது.

பிறகு வந்தது. ஆனால் வந்தது ஆங்கிலம். ஆஸ்பத்திரியில் அவள் முதலில் சொன்ன வார்த்தை "எட்செட்ரா". தண்ணீருக்கும் எட்செட்ரா, வலிக்கும் எட்செட்ரா, என்னைக் கூப்பிடவும் எட்செட்ரா. அப்புறம் ஒவ்வொன்றாக வேறு வார்த்தைகள். தமிழ் ஒன்றுகூட இல்லை. இப்படி ஆவதுண்டு, இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு ஒன்று மட்டும் முதலில் திரும்பலாம், ஏன் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, "வந்திருக்கிற மொழியப் புடிச்சிக்குவோம். எழுத்த குடுத்து வார்த்த கேளுங்க. தெனமும் கேளுங்க" என்றார். அவரைப் பார்ப்பது எப்போதோ ஒருமுறை. மற்ற நாளெல்லாம் நான்தான் வாத்தியார். நானே வாத்தியார் என்றால் அவள் கதியைப் பார்.

மிச்ச ரெக்ஸினில் இருபத்தாறு எழுத்தையும் வெட்டி வைத்திருக்கிறேன். மூன்றை எடுத்து அவள் முன்னால் போடுவேன். இடது கை விரல்கள் மேசைமேல் டைப் அடிக்கிற மாதிரி ஓடும். பிறகு ஏதோ சொல்வாள். அது வார்த்தையா உளறலா என்று எனக்குத் தெரியாது. சரியென்று தலையாட்டுவதா, தப்பென்று சொல்வதா? தப்பாகத் தலையாட்டினால் அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வருகிறது. அதற்குத்தான் உன்னைக் கேட்டேன். பணிமனைக்காரர் யாரும் இல்லை.

ஒன்று சொன்னால் சிரிக்காதே. எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது. இத்தனை வருடம் என்னோடு பேசியது, சண்டை போட்டது, கேலி செய்தது எல்லாம் தமிழில். அது மொத்தமும் போய்விட்டது. ஆபீசில் அடித்தது மட்டும் தங்கிவிட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் யாரிடம் கேட்பது?

பயந்துவிடாதே. நன்றாகச் சாப்பிடுகிறாள்.

அத்தான்

ஆகஸ்ட் 5

அன்புள்ள அத்தானுக்கு,

படித்தேன். அழுதேன். உங்களை நன்றாகத் திட்டினேன். இவர் தண்ணீர் கொடுத்தார், அதைக் குடித்துவிட்டு மறுபடியும் திட்டினேன். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் புரியவில்லை.

அவள் குளிக்கிறாள், குளிக்கிறாள் என்று நான் கேலி செய்தேனே. அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இனிமேல் அவள் சொல்வதெல்லாம் எனக்கு வர வேண்டும், உளறல் என்று நீங்களே ஒதுக்கிவிடக் கூடாது. எழுத்துப் போட்டால் எந்த டி என்று குறித்துவிடுங்கள். நானும் தினமும் மூன்று எழுத்து எடுத்துக்கொள்கிறேன். இங்கே நான் தேடுகிறபோது அங்கே அவளும் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. நாம் பேசுகிற தமிழ் அவளுக்குப் புரிகிறதா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

கடைக்குட்டி

ஆகஸ்ட் 21

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

மாதம் நெருங்குகிறது, ஜாக்கிரதை. அக்கா இப்போது வாசல்வரை பிடிக்காமல் நடக்கிறாள்.

தமிழ் புரிகிறதா என்று கேட்டாய். பாதி புரிகிறது என்கிறார் பயிற்சி அம்மா. எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை. "சாப்பிடலாமா?" என்றால் எழுந்து வருகிறாள். "கோவமா?" என்றால் ஜன்னலைப் பார்க்கிறாள். அது புரியாமல் பார்ப்பதா, புரிந்து பார்ப்பதா?

போன வாரம் ஐ, வி, டி போட்டேன். டாக்டரின் டி. விரல்கள் மேசையில் ஓடின. என்னை நேராகப் பார்த்து, "டைவர்ஸ்" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகளில் அது ஒன்று. அதற்கு நீ அர்த்தம் போட வேண்டியதில்லை.

எழுத்து மூன்றும் அதில் இருக்கிறதா என்று ரெக்ஸின் துண்டுகளை வைத்துப் பார்த்தேன், எனக்குச் சரியாக வரவில்லை. இருந்தால் விளையாட்டில் சொன்னது. இல்லாவிட்டால் என்னிடம் சொன்னது. மறுநாளும் அதே எழுத்துகளைப் போட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இதற்கு முன்பும் ஒருதரம் வந்திருக்கிறது. அது கிடக்கட்டும்.

ஒருத்தி வாயைத் திறக்க வழியில்லாமல் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு, எழுத்து கிடைத்ததும் சொல்லிவிட்டாளோ? தைக்கிற இடத்தில் ஊசியை இரண்டு தரம் உடைத்துவிட்டேன். "என்னை விட்டுப் போகணும்னு நெனக்கிறியா?" என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது? தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

அத்தான்

ஆகஸ்ட் 30

அன்புள்ள அத்தானுக்கு,

கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி குறையில்லை.

மூன்று எழுத்தும் அந்த வார்த்தையில் இருக்கின்றன. சரியான விடைதான். டிவைட், வீடியோ, அட்வைஸ், எவிடன்ஸ், அஃபிடவிட், டெவில் என்றெல்லாம்கூடச் சொல்லியிருக்கலாம். வக்கீல் ஆபீசில் அந்த வார்த்தையை அவள் எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பாள்! விரல் பழக்கம் என்று நான் சொல்வேன். ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். அவள் உங்களை நேராகப் பார்த்துச் சொன்னாள் என்கிறீர்கள். நான் அங்கே இல்லையே.

கேட்டதைத் தருகிறேன்: "டூ யூ வான்ட் டு லீவ் மீ?" எஸ் என்றால் ஆமாம், நோ என்றால் இல்லை. ஆனால் அவளுக்கு எஸ்ஸும் நோவும் இடம் மாறி வரலாம் என்று இவருக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் சொல்கிறாள். அதனால் வாயை மட்டும் நம்பாதீர்கள், முகத்தையும் பாருங்கள்.

முதலில் தமிழில் கேளுங்கள், அத்தான். புரியாது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். உங்களுக்குள் நடந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எழுதவில்லை. அப்படியே இருக்கட்டும்.

கடைக்குட்டி

செப்டம்பர் 12

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதற்குத் தந்தி வேகத்தில் பதில் போடு.

தமிழில் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தாள். பஸ் ஓட்டுகிற நண்பரிடம் சொல்லிக்காட்டிச் சரிபார்த்துக்கொண்டு வந்து ஆங்கிலத்தில் கேட்டேன். கை வியர்த்துவிட்டது. பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு இப்படி இல்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எஸ்ஸும் இல்லை, நோவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையால் மேசையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டி, "அட்ஜர்ன்ட்" என்றாள்.

முகத்தைப் பார்க்கச் சொன்னாயே, பார்த்தேன். வாயின் வலது பக்கம் இன்னும் சரியாக ஏறவில்லை, அதனால் அவள் சிரிக்கிறாளா கோணுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பஸ் ஓட்டுகிறவரிடம் கேட்டேன். "ஜர்னின்னா பயணம்ப்பா" என்றார். போகிறேன் என்கிறாள், வேறென்ன? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் பரண்மேல் இருந்த அவளுடைய பெட்டியை இறக்கித் துடைத்து அவள் முன்னால் வைத்தேன். "எங்க போகணும்னு சொல்லு, நானே கொண்டுபோய் விடறேன்" என்றேன். குரல் நடுங்காமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ரெக்ஸின் எழுத்துகளை அள்ளி என் முகத்தில் வீசினாள். பெரிய பெரிய எழுத்தெல்லாம் நன்றாகவே பட்டது. "எட்செட்ரா! எட்செட்ரா! எட்செட்ரா!" என்று கத்திவிட்டு அழுதாள். பெட்டி இன்னும் நடுவீட்டில் இருக்கிறது. அதை ஏற்றி வைப்பதா, திறந்து வைப்பதா? சொல்.

அத்தான்

செப்டம்பர் 24

அண்ணனுக்கு,

சகலை எழுதுகிறேன். பெண் குழந்தை. முந்தாநாள் காலையில் பிறந்தாள். கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டாள், எடையும் குறைவு, ஆனால் பயமில்லை என்றுவிட்டார்கள். தாயும் நலம். ஆபரேஷன் ஆனதால் உட்கார முடியவில்லை. உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். பெட்டியை இறக்கிய இடம் வந்ததும் சிரித்தாள் பாருங்கள், தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் ஓடிவந்து கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "பெட்டியை மேலே ஏற்றுங்கள். அட்ஜர்ன்ட் என்றால் பயணம் இல்லை. வழக்கை இன்னொரு தேதிக்குத் தள்ளி வைப்பது. வாய்தா, அத்தான், வாய்தா! நீதிபதி மாதிரி மேசையைத் தட்டி உங்களைக் கேலி செய்திருக்கிறாள். எங்கள் அக்கா உள்ளே அப்படியே இருக்கிறாள்."

இதைச் சொல்லிவிட்டு அழுகிறாள். சிரிப்பும் அழுகையுமாக இருப்பதால் மேற்கொண்டு எழுத முடியவில்லை.

சகலை

அக்டோபர் 10

அன்புள்ள கடைக்குட்டிக்கு, சகலைக்கு, இன்னும் பெயர் வைக்காத சின்னக்குட்டிக்கு,

மூன்று பேரும் சௌக்கியமா? குழந்தை எடை ஏறுகிறாளா? சேதியைச் சொன்னதும் உன் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நானும் விலகவில்லை.

பெட்டியை ஏற்றிவிட்டேன். அன்று சாயங்காலம் எதிரே போய் உட்கார்ந்து, "வாய்தாவா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வலது பக்கம் வாய் கோணினாலும் அது சிரிப்பு என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயம் தீரவில்லை. அந்த முதல் வார்த்தையை விளையாட்டில் சொன்னாளா, மனதில் இருந்து சொன்னாளா? வாய்தா என்றால் வழக்கு இருக்கிறது என்றுதானே? கேலிக்குள் அதையும் வைத்துத்தான் சொன்னாளோ என்னவோ. அதற்கு நான் என்றைக்காவது பதில் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன், அவளிடமே.

"எந்தத் தேதிக்கு?" என்று கேட்டேன். காலண்டரைக் கை காட்டினாள். ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். இடது கையால் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நவம்பர், டிசம்பர், பிறகு வெறும் அட்டை. அட்டையைத் தட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "மோர்" என்றாள்.

உன் தயவில் அந்த வார்த்தை எனக்குத் தெரியும், இன்னும் வேண்டும் என்று அர்த்தம். ஆனால் எனக்குச் சட்டென்று அது தோன்றவில்லை. காதில் விழுந்தது நம் மோர். ஏப்ரலுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முதல் தமிழ் என்று நினைத்துவிட்டேன். காலை எங்கே வைத்தேன், கையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அடுக்களைக்கு ஓடி, தயிரைக் கடைந்து, உப்புப் போட்டு, ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான், ஐயோ, ஆங்கிலம் அல்லவா என்று உறைத்தது. கை அந்தரத்தில் நிற்கிறது.

டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். காலி டம்ளரை என்னிடம் நீட்டி, மறுபடியும் "மோர்" என்றாள்.

நானும் தலையாட்டிவிட்டேன், கடைக்குட்டி. எந்த மொழிக்குத் தலையாட்டினேன் என்று என்னைக் கேட்காதே.

அத்தான்